முத்திரை போடுவது யார்?

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் பேசுவேன். நான்கு மாதங்களுக்கு முன் எடுத்துக்கொண்ட விஷயம், காற்றில் இருக்கும் கரியமில வாயுவைச் செயற்கைக்கோள் எப்படி அளக்கிறது என்பது. நாசாவின் ஓசிஓ-2 என்ற செயற்கைக்கோளின் படத்தைச் சுவரில் காட்டினேன். 705 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது, நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்து லட்சம் முறை அளக்கிறது, காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடிக்கப் பார்க்கிறது என்றெல்லாம் சொன்னேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பா தட்டவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது, பால் சொசைட்டி திருப்பத்தில் நின்று கேட்டார்: "எல்லாம் சரிம்மா. அந்தச் செயற்கைக்கோளுக்கு முத்திரை போடுறது யாரு?"

"ஏவுறதுக்கு முன்னாடியே நல்லா சோதிச்சுத்தான்பா அனுப்புவாங்க" என்றேன். "அனுப்பும்போது சரி. அதுக்கப்புறம்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. பதினெட்டு வருடமாக மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். அளவீடு என்பதுதான் பாடப் புத்தகத்தின் முதல் அலகு. அந்தக் கேள்வியை நான் ஒரு முறைகூட எனக்குள் கேட்டுக்கொண்டதில்லை என்பது அன்று ராத்திரி படுத்த பிறகு உறைத்தது.

அப்பா ஒரு சர்க்கரை ஆலையின் எடை மேடையில் 31 வருடம் வேலை பார்த்தவர். முத்திரை என்றால் அவருக்கு, தராசு சரியாக எடை காட்டுகிறதா என்று ஆய்வாளர் சோதித்துக் குத்தும் அடையாளம். அரவைப் பருவம் என்றால் ராத்திரி பகல் கிடையாது. யார்டில் டிராக்டரும் லாரியும் மாட்டு வண்டியுமாக ஒரு கிலோமீட்டருக்கு நிற்கும். பாரத்தோடு ஒரு முறை ஏற்றி எடை, கரும்பை இறக்கிவிட்டுத் திரும்பும்போது காலி வண்டியை ஏற்றி மறுபடி எடை, கழித்தால் வருவது கரும்பு. அந்தக் கழித்தலை நம்பித்தான் ஒரு குடும்பத்தின் ஒரு வருட வருமானம். சின்ன வயதில் சாப்பாட்டுத் தூக்கோடு போகும்போது பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு வண்டிக்கும் அப்பா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "டிரைவர் இறங்கு" என்று சத்தம் போடுவார். ஏற்றும்போது டிரைவர் உள்ளே இருந்து, காலி வண்டிக்கு இறங்கி நின்றுகொண்டால் எழுபது கிலோ கரும்பு சும்மா கூடிவிடும். 28 டன் வண்டியில் எழுபது கிலோ. இருபத்தெட்டாயிரத்தை எழுபதால் வகுத்தால் நானூறு. ஓசிஓ-2 மேலே போன 2014ல் காற்றில் பத்து லட்சம் மூலக்கூறுக்கு ஏறத்தாழ 400 கரியமில வாயு மூலக்கூறுகள் இருந்தன. அதில் ஒன்று கூடினால் தெரிய வேண்டும் என்பதுதான் அந்தக் கருவிக்கு வைத்த இலக்கு. நானூறில் ஒன்று. வண்டிக்குள் டிரைவர் இருக்கிறாரா இல்லையா என்று 705 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, மேடையே இல்லாமல் சொல்ல வேண்டும்.

இவ்வளவு துல்லியம் எதற்கு என்றும் கேட்கலாம். நாம் எரிக்கும் நிலக்கரியிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் வரும் கரியமில வாயுவில் ஏறத்தாழ பாதிதான் காற்றில் தங்குகிறது. மீதியைக் காடும் மண்ணும் கடலும் வாங்கிக்கொள்கின்றன. எந்தக் காடு எவ்வளவு வாங்குகிறது, எது வாங்குவதை நிறுத்திவிட்டது என்பதுதான் தெரிய வேண்டியது. ஒரு பெரிய அனல்மின் நிலையத்தின் புகை, தரையிலிருந்து வான்வெளி விளிம்பு வரை நிற்கும் மொத்தக் காற்றுத் தூணில் கூட்டுவது பெரும்பாலும் ஒன்றிரண்டு பிபிஎம் தான், அதாவது பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு பங்கு. ஒரு காடு மூச்சு இழுத்து விடுவது அதைவிடவும் மெல்லிசாகத் தெரியும். டிரைவரின் எடையைச் சொல்ல முடியாத தராசு இங்கே எதற்கும் உதவாது.

வெளிச்சத்தில் விழும் கீறல்கள்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவை உட்காரவைத்து முதலிலிருந்து சொன்னேன். செயற்கைக்கோள் காற்றைத் தொடுவதில்லை. சூரிய வெளிச்சம் காற்றைத் துளைத்துக்கொண்டு இறங்கி, தரையில் பட்டு, மறுபடி காற்றைத் துளைத்து மேலே போகிறது. போகிற வழியில் கரியமில வாயு தனக்குப் பிடித்த சில நிறங்களை மட்டும் விழுங்கிக்கொள்ளும். அந்த நிறங்கள் நம் கண்ணுக்குத் தெரியாதவை, 1.61 மைக்ரோமீட்டரிலும் 2.06 மைக்ரோமீட்டரிலும் இருப்பவை. கருவி அந்த வெளிச்சத்தை ஆயிரம் சன்ன நிறங்களாகப் பிரித்துப் பார்க்கும்போது, விழுங்கப்பட்ட இடங்கள் கறுத்த கீறல்களாகத் தெரியும். வாயு கூடினால் கீறல் கறுக்கும். அதாவது அது அளப்பது வாயுவையே அல்ல, வராமல் போன வெளிச்சத்தை.

அதில் ஒரு சிக்கல். வெளிச்சம் நீண்ட தூரம் காற்றில் பயணம் செய்தாலும் கீறல் கறுக்கும். மலையுச்சியில் பட்டுத் திரும்பினால் காற்று குறைவு, சமவெளியில் பட்டுத் திரும்பினால் காற்று அதிகம். ஆகவே எவ்வளவு காற்றைக் கடந்து வந்தது என்பது தனியாகத் தெரிய வேண்டும். அதற்கு ஆக்ஸிஜனைப் பிடித்தார்கள். உலர்ந்த காற்றில் ஆக்ஸிஜன் எங்கே போனாலும் 20.95 சதவீதம், சஹாராவிலும் அதேதான், அன்டார்க்டிகாவிலும் அதேதான். ஆக்ஸிஜன் விழுங்கும் நிறத்தையும், 0.76 மைக்ரோமீட்டரில், அதே நொடியில் அதே இடத்தில் பார்த்தால் மொத்தக் காற்று எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் விகிதம். "காலி வண்டி எடை மாதிரிப்பா" என்றேன். எனக்கு அந்த உவமை பெரிய திருப்தியாக இருந்தது.

அப்பாவுக்கு இல்லை. "பாரத்தையும் அதே மேடையிலதான் ஏத்துற, காலி வண்டியையும் அதே மேடையிலதான் ஏத்துற. மேடையே சரியில்லன்னா?" என்றார். அப்புறம், நான் கேட்காமலே ஒரு கதை சொன்னார்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு பருவம். ஒரு விவசாயி, டிராக்டரில் வந்தவர், தன் கரும்பு அறுபது கிலோ குறைவாகக் காட்டுகிறது என்று சண்டை போட்டார். வழியில் ஒரு அரிசி ஆலையில் எடை போட்டுச் சீட்டோடு வந்திருந்தார். அப்பா நம்பவில்லை. தினமும் காலையில் முதல் வண்டிக்கு முன் மேடையைக் கூட்டிவிட்டு பூஜ்யம் பார்ப்பவர் அவர். அன்றும் பார்த்திருந்தார், பூஜ்யம் சரியாக நின்றது. காலி வண்டிகளின் எடையும் போன வாரச் சீட்டோடு ஒத்துப்போனது. ஆனாலும் அந்த மனிதர் போன பிறகு மனசு கேட்காமல் டார்ச் எடுத்துக்கொண்டு மேடைக்குக் கீழே பள்ளத்தில் இறங்கினார். முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீர். மேடைச் சட்டத்துக்கும் பள்ளத்துச் சுவருக்கும் நடுவில் கரும்புச் சோகையும் மண்ணும் இறுகி, அதில் ஒரு கருங்கல் ஜல்லி உட்கார்ந்திருந்தது. காலி மேடையாக இருக்கும்போது அது சட்டத்தைத் தொடவில்லை. காலி வண்டி ஏறினாலும் தொடவில்லை. முழுப் பாரம் ஏறி, மேடை நூலளவு தாழும்போது மட்டும் அந்தக் கல் கொஞ்சம் எடையைத் தாங்கிக்கொண்டது. மறுநாள் காலையில் அப்பா சைக்கிள் மிதித்து அந்த விவசாயியின் ஊருக்குப் போனார். அதற்கு முந்தைய எத்தனை வண்டிகளில் எத்தனை கிலோ போனது என்பதுதான் தெரியவில்லை. அதைச் சொல்லும்போது இன்றும் அவர் குரல் இறங்குகிறது.

நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்த ஜல்லிக் கல்லால்தான். ஓசிஓ-2 ஒரு நொடிக்கு 24 அளவுகள் எடுக்கிறது. ஒவ்வொன்றும் மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவான தரையைப் பார்க்கிறது. மேகம் மறைத்தது போக, பத்தில் ஒன்று போலத் தேறும். தனித்தனி அளவுகளில் இருக்கும் நடுக்கம் பெரிய விஷயமில்லை. நூறு அளவை எடுத்துச் சராசரி போட்டால் கூடினதும் குறைந்ததும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆனால் பாரம் ஏறும்போது மட்டும் தொடும் கல்லை எந்தச் சராசரியும் தின்னாது. செயற்கைக்கோளிலும் அப்படிக் கற்கள் இருந்தன. தரையைப் பார்க்கும்போது ஒரு மாதிரியும் கடலைப் பார்க்கும்போது ஒரு மாதிரியும் எண் சாய்ந்தது. தூசு மண்டிய இடங்களில் சாய்ந்தது. கருவி பார்க்கும் திசையில் இருந்த மிகச் சிறிய பிசகு சமவெளியில் வெளியே தெரியாமல், மலைப்பகுதிகளில் மட்டும் காட்டிக்கொடுத்தது. தான் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்த இடத்துக்கும் உண்மையில் பார்த்த இடத்துக்கும் உயரம் வேறு, அதனால் காற்றழுத்தம் வேறு, அதனால் விகிதமும் வேறு. கடலுக்கும் நிலத்துக்கும் நடுவில் அரை பிபிஎம் சாய்வு இருந்தால் போதும், இல்லாத ஒரு காடு கணக்கில் முளைத்துவிடும்.

இலைகள் செய்த வேலையும் இந்த வகைதான். ஒளிச்சேர்க்கை செய்யும் இலை, தான் வாங்கிய வெளிச்சத்தில் மிகச் சிறிய பங்கை மங்கிய சிவப்பொளியாகத் திருப்பி விடுகிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிவப்பு, ஆக்ஸிஜன் கீறல்கள் இருக்கும் அதே பகுதியில் வந்து விழுகிறது. கறுத்த கீறலுக்குள் கொஞ்சம் வெளிச்சம் ஊற்றினால், ஆக்ஸிஜன் குறைவு என்று கருவி நினைத்துக்கொள்ளும். காலி வண்டி எடையில் யாரோ ஏறி நின்ற மாதிரி. 2011 வாக்கில் ஜப்பானியச் செயற்கைக்கோளின் தரவுகளிலிருந்து இந்த ஒளியைத் தனியே பிரித்தெடுத்தார்கள். பிரித்தபின் பார்த்தால், உலகத்தில் எந்த வயலும் காடும் இந்த வாரம் எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்பதற்கே அது ஓர் அளவாகிவிட்டது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, நம் வீட்டு வேப்பமரமும் அப்படி வெளிச்சம் விடுமா என்று கேட்டார். விடும் என்றேன். எழுந்து போய் ஜன்னல் வழியே அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

2009, பிப்ரவரி 24

பெயரில் இருக்கும் 2 எதற்கு என்று நூலகத்தில் ஒரு பெண் கேட்டாள். முதலாவது விழுந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அதை அவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்கக் கூடாது.

முதல் ஓசிஓ 2009 பிப்ரவரி 24 அன்று கலிபோர்னியாவின் வாண்டன்பர்க் தளத்திலிருந்து டாரஸ் எக்ஸ்எல் ராக்கெட்டில் கிளம்பியது. காற்று மண்டலத்தைத் தாண்டும்வரை செயற்கைக்கோளைப் பாதுகாக்க ராக்கெட்டின் மூக்கில் கூம்பு மாதிரி ஒரு மூடி இருக்கும். தாண்டியதும் அது இரண்டாகப் பிளந்து விழ வேண்டும். விழவில்லை. மூடியின் எடையையும் சேர்த்து இழுக்க முடியாமல், ராக்கெட் சுற்றுப்பாதையை எட்டாமல் அன்டார்க்டிகா அருகே கடலில் விழுந்தது. டேவிட் கிரிஸ்ப் தலைமையிலான அறிவியல் குழுவின் பல வருட உழைப்பு அதோடு போனது. ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு, ஜனவரி 23 அன்று, ஜப்பான் தன் கோசாட் செயற்கைக்கோளை ஏவியிருந்தது. அதற்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர் இபுகி, மூச்சு என்று அர்த்தம். இரண்டு நாடுகளும் ஒருவகையில் போட்டியாளர்கள்தான். ஆனால் கருவியை இழந்து நின்ற அமெரிக்கக் குழுவை ஜப்பானியர்கள் தங்கள் தரவுகளோடு வேலை செய்யச் சேர்த்துக்கொண்டார்கள். தன் செயற்கைக்கோளுக்காக எழுதி வைத்திருந்த கணக்கு முறைகளை அந்தக் குழு ஐந்து வருடம் இன்னொருவருடைய செயற்கைக்கோளில் போட்டுப் பழகியது. 2014 ஜூலை 2 அன்று ஓசிஓ-2 மேலே போனபோது, மேலே சொன்ன கற்களில் பலவற்றை அவர்கள் ஏற்கெனவே கோசாட்டில் சந்தித்திருந்தார்கள்.

மூடி ஏன் பிளக்கவில்லை? 2011 மார்ச்சில் அதே வகை ராக்கெட்டில் போன குளோரி என்ற இன்னொரு செயற்கைக்கோளும் அதே மாதிரி மூடி திறக்காமல் விழுந்தது. பல வருட விசாரணைக்குப் பிறகு 2019ல் நாசா காரணத்தை வெளியிட்டது. மூடியைப் பிளக்கும் இணைப்பில் இருந்த அலுமினியத் துண்டுகளைச் செய்து கொடுத்த நிறுவனம், அவற்றின் வலிமைச் சோதனை முடிவுகளை மாற்றி எழுதிச் சான்றிதழ் கொடுத்திருந்தது. ஒருமுறை அல்ல, கிட்டத்தட்ட இருபது வருடமாக, நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கு. இரண்டு செயற்கைக்கோள்களுமாகச் சேர்த்து 70 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

நான் இதைப் படித்துக்காட்டியபோது அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், தராசு பழுதுபார்க்க வந்த ஒருவர், "எதுக்குங்க இருபது கிலோ கல்லை லாரி லாரியா இறக்கிக்கிட்டு, சீட்டு எழுதிக் குடுத்துடறேன்" என்று சொன்னதை நினைவுபடுத்திச் சொன்னார். முத்திரை ஆய்வாளர் வரும் நாளில் இருபது கிலோ இரும்புக் கற்களை மேடையின் நாலு மூலையிலும் நடுவிலும் அடுக்கி, இறக்கி, மறுபடி அடுக்கிப் பார்ப்பார்கள். கூலியாட்களுக்கு முதுகு ஒடியும் வேலை. அதன் பிறகுதான் ஈயக் குண்டில் முத்திரை குத்துவார்கள். அந்தக் கற்களை இறக்காமல் விடுவது எவ்வளவு சுலபம் என்று அப்பாவுக்குத் தெரியும். டிரைவரின் எடையைக் கண்டுபிடிக்கக் கட்டிய தராசு கடலில் விழுந்ததற்குக் காரணம் கற்களை இறக்காமல் எழுதிய ஒரு சீட்டு என்பது அவரை உலுக்கிவிட்டது. என்னையும்தான்.

வறண்ட ஏரியில் நடப்பவர்கள்

அதன் பிறகுதான் நான் சரியான இடத்தில் தேட ஆரம்பித்தேன். அதுவரை செயற்கைக்கோளைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். முத்திரை இருப்பது தரையில்.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ரெயில்ரோடு வேலி என்று ஒரு வறண்ட ஏரி இருக்கிறது. செடி கொடி இல்லை, மேடு பள்ளம் இல்லை, கண்ணுக்கு எட்டியவரை வெளிறிய களிமண். 2009 முதல், கோடைக்காலத்தில், ஜப்பானியக் குழுவும் அமெரிக்கக் குழுவும் சேர்ந்து அங்கே போகிறார்கள். செயற்கைக்கோள் தலைக்கு மேலே கடக்கும் நேரத்தில், வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் நிறமாலைமானியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மண்மீது வரிசையாக நடக்கிறார்கள். தரை எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று அடிக்கு அடி அளக்கிறார்கள். ஒரு சிறிய ஜெட் விமானம் சுழன்று சுழன்று ஏறி, ஒவ்வொரு உயரத்திலும் காற்றில் கரியமில வாயு எவ்வளவு என்று பார்க்கிறது. கீழே நடந்தவர்கள் சொல்லும் எண்ணும் மேலே போனது சொல்லும் எண்ணும் ஒத்துவர வேண்டும். நாலு மூலையில் கல் அடுக்குவது இதுதான். அந்த ஏரிக்கு அடியில் லித்தியம் இருக்கிறது என்று சுரங்கம் தோண்ட நிறுவனங்கள் கேட்டன. நாசாவின் வேண்டுகோளை ஏற்று 2023ல் அமெரிக்க அரசு 90 சதுர கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான நிலத்தைச் சுரங்கத்திலிருந்து விலக்கி வைத்தது. மின்சார வண்டிகளுக்கு லித்தியம் வேண்டும், அதுவும் இதே பிரச்சினைக்கான மருந்துதான். இருந்தாலும் அந்த மண் குலையாமல் இருக்க வேண்டும் என்ற முடிவு சரி என்றே நினைக்கிறேன். எடைக்கல்லை உருக்கிச் சட்டி செய்ய முடியாது.

இரண்டாவது சோதனை வருடம் முழுவதும் நடக்கிறது. விஸ்கான்சின் மாநிலத்தில் பார்க் ஃபால்ஸ் என்ற காட்டு ஊரில் 2004ல் ஒரு கப்பல் கன்டெய்னரை இறக்கிவைத்தார்கள். அதன் கூரையில் ஒரு சின்னக் குவிமாடம். வெயில் வந்தால் அது திறந்து, கண்ணாடி சூரியனைத் துரத்திக்கொண்டு திரும்பும். சூரியனிலிருந்து நேராக வரும் வெளிச்சத்தில் அதே கரியமில வாயுக் கீறல்களை உள்ளே இருக்கும் கருவி படிக்கும். தரையில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் இல்லை, அதனால் தரையின் குழப்பங்களும் இல்லை. அதே மாதிரி நிலையங்கள் பிறகு ஓக்லஹோமாவின் லாமன்ட், ஆஸ்திரேலியாவின் டார்வின், நியூசிலாந்தின் லாடர், இந்தியப் பெருங்கடலின் ரியூனியன் தீவு என்று உலகமெங்கும் வந்தன. இவற்றில் ஒன்றின் மேலே போகும்போது ஓசிஓ-2 தன் வழக்கமான பார்வையை விட்டுவிட்டு, கழுத்தைத் திருப்பி, கடந்து முடிக்கும்வரை அந்த ஒரே இடத்தை ஆயிரக்கணக்கான முறை பார்க்கிறது. அந்தச் சில நிமிடங்களில் இரண்டு எண்களையும் ஒப்பிட்டுத்தான் மேலே இருப்பதன் சாய்வைக் கணக்கிடுகிறார்கள்.

சரி, அந்தக் கன்டெய்னருக்கு முத்திரை? அதன் தலைக்கு மேலே விமானம் ஏறிக் காற்றுத் தூணை நேரடியாக அளக்கிறது. விமானத்துக் கருவிக்கு? அதில் ஒரு வாயு உருளை இருக்கிறது, எண் தெரிந்த காற்று அடைத்தது. அந்த உருளைக்கு? அது கொலராடோவின் போல்டர் நகரத்து ஆய்வகத்தோடு ஒப்பிடப்பட்டது. உலக வானிலை அமைப்பின் கரியமில வாயு அளவுகோல் இப்போது இருக்கும் இடம் அது. அருகே நைவாட் ரிட்ஜ் என்ற மலைச் சரிவில் காற்றைப் பிடித்து உருளைகளில் அடைக்கிறார்கள். அந்த உருளைக்கு எண் கொடுப்பது எப்படி? கடைசியில் ஒரு பாத்திரத்துக்கு வந்து சேர்கிறோம். கன அளவு தெரிந்த பாத்திரத்தில் காற்றை எடுத்து, அதன் அழுத்தம், வெப்பநிலை பார்த்து, திரவ நைட்ரஜனால் குளிர்வித்துக் கரியமில வாயுவை மட்டும் உறையவைத்துப் பிரித்து, அதைச் சின்னப் பாத்திரத்தில் மறுபடி வாயுவாக்கி, அதன் அழுத்தம், வெப்பநிலை பார்த்து வகுக்கிறார்கள். சார்லஸ் டேவிட் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1950களில் கலிபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் தன் கையால் கட்டிய கருவியின் வேலையும் இதேதான். 1958ல் ஹவாயின் மவுனா லோவாவில் அவர் தொடங்கிய தொடர் அளவீடு 313 பிபிஎம் அருகே ஆரம்பித்தது. 2025 மே மாதச் சராசரி 430ஐத் தாண்டியது.

அழுத்தம், கன அளவு, வெப்பநிலை. பதினோராம் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் நான் கரும்பலகையில் எழுதும் சமன்பாடு. இந்தச் சங்கிலியை ஒரு ராத்திரி நோட்டில் எழுதிக்கொண்டே போய், கடைசி வரியில் அதைப் பார்த்ததும் பேனாவை வைத்துவிட்டேன். அப்பாவை எழுப்பிச் சொல்ல வேண்டும்போல இருந்தது. மணி பதினொன்று. காலையில் காபியோடு சொன்னேன். ஒவ்வொரு கண்ணியாகக் கேட்டுக்கொண்டே வந்தார். பாத்திரம் வந்ததும், "அப்ப கல் இருக்கு" என்றார்.

முத்திரை இல்லாத இடங்கள்

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவரவில்லை. ஒப்பிட எடைக்கல் இருக்கும் இடங்களில் ஓசிஓ-2 சொல்லும் எண்ணை நான் இப்போது மனப்பூர்வமாக நம்புகிறேன். பசிபிக் கடல் சூடேறி வானிலையைப் புரட்டிப்போட்ட 2015-16 எல் நினோவின்போது வெப்பமண்டல நிலப்பகுதிகள், 2011ஐ விட ஏறத்தாழ 250 கோடி டன் கார்பனைக் கூடுதலாக வெளியே விட்டன என்று அதன் அளவீடுகளிலிருந்து 2017ல் கணக்கிட்டார்கள். மூன்று கண்டங்களிலும் காரணம் வேறு வேறு. தென் அமெரிக்காவில் வறட்சியால் மரங்கள் கார்பனை இழுப்பது குறைந்தது, ஆப்பிரிக்காவில் சூட்டில் மக்குவது வேகமாயிற்று, இந்தோனேசியாவில் காடும் கரிச் சதுப்பும் எரிந்தன. அளக்காமல் இதைப் பிரித்துச் சொல்ல வழியே இல்லை. போலந்தின் பெல்ஹாத்தூவ் அனல்மின் நிலையத்தின் மேலே ஓசிஓ-2வும், விண்வெளி நிலையத்தில் 2019ல் பொருத்தப்பட்ட ஓசிஓ-3யும் எடுத்த அளவுகள், அந்த நிலையத்தின் மின் உற்பத்தி குறைந்ததோடு சேர்ந்து குறைந்தன. ஒற்றைப் புகைபோக்கி வளாகத்தை வானத்திலிருந்து கணக்குக் கேட்க முடிகிறது.

ஆனால் 2019ல், ஆப்பிரிக்காவின் வெப்பமண்டல வடபகுதி எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாகக் கார்பனை வெளியே விடுகிறது என்று செயற்கைக்கோள் தரவுகளிலிருந்து ஒரு முடிவு வந்தபோது, சரிபார்க்க அங்கே தரையில் போதுமான நிலையங்கள் இல்லை. உண்மையாகவும் இருக்கலாம், ஜல்லிக் கல்லாகவும் இருக்கலாம். நம் பக்கத்துக்கு வந்தால் மேகம். இந்தக் கருவிகளுக்குச் சூரிய வெளிச்சமும் தெளிந்த வானமும் வேண்டும். ஓசிஓ-2 ஓர் இடத்தைக் கடப்பது மதியம் சுமார் ஒன்றரை மணிக்கு, அதே தடத்துக்கு மறுபடி வருவது 16 நாளுக்கு ஒருமுறை. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழையில் நாட்டின் பெரும்பகுதி பச்சை பிடித்து மூச்சை வேகமாக இழுக்கும் மாதங்களில்தான் மேகம் மூடிக்கொள்கிறது. நம் வயல்கள் அதிகம் வேலை செய்யும் நேரத்தில் நம் எடைச் சீட்டு வெற்றுத் தாளாக இருக்கிறது. 2007 முதல் 2011 வரை புதுச்சேரி அருகேயும் போர்ட் பிளேரிலும் லடாக்கின் ஹான்லேயிலும் கண்ணாடிக் குடுவைகளில் காற்றைப் பிடித்து பிரான்சுக்கு அனுப்பி அளந்தார்கள். குடுவைக்கு மேகம் தடையில்லை. எங்கள் ஊரிலிருந்து புதுச்சேரி ஒரு மணி நேரப் பஸ். என் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்க் காட்டும் தூரத்தில் அப்படி ஒரு வேலை நடந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல் போயிற்று. குடுவைகள் தொடர்ந்து நிரம்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வானத்தில் இருப்பது எவ்வளவு நல்ல கருவியாக இருந்தாலும் நம் மண்ணில் நமக்கென்று கல் வேண்டும்.

2025ல் வெள்ளை மாளிகை முன்வைத்த 2026 நிதியாண்டுத் திட்டத்தில் ஓசிஓ-2க்கும் ஓசிஓ-3க்கும் பணம் ஒதுக்கவில்லை. இரண்டையும் நடத்த ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர் ஆகிறது, கட்டி ஏவிய செலவுக்கு முன் அது சொற்பம். அதே வருடம் ஜப்பானும் பிரான்சும் புதிய செயற்கைக்கோள்களை ஏவியிருக்கின்றன, அது ஆறுதல். இருந்தாலும் புதுத் தராசு வந்தால் பழைய தராசோடு ஒரே வண்டியைச் சில மாதமாவது சேர்த்து எடை போட்டுப் பார்க்க வேண்டும் என்பது அப்பாவுக்குத் தெரிந்த விஷயம். பழையதை அணைத்துவிட்டால் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும்.

ரெயில்ரோடு வேலியில் அவர்கள் நடக்கும் வீடியோவை அப்பாவுக்குப் போட்டுக்காட்டினேன். அந்த வெயிலில், நடப்பவர் தன் நிழல் அளக்கும் இடத்தின்மீது விழாதபடி கருவியைச் சூரியன் இருக்கும் பக்கமாக நீட்டிப் பிடித்திருந்தார். அப்பா அதை இரண்டு முறை திருப்பிப் போடச் சொன்னார். "பாத்தியா, டிரைவரை இறக்கிவிட்டுட்டாங்க" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் அதே தலைப்பை மறுபடி எடுத்தேன், இந்த முறை பாத்திரத்திலிருந்து தொடங்கி மேலே போனேன். அப்பா ஒரு மஞ்சள் பையில் பழைய ஐந்து கிலோ இரும்புக் கல்லைச் சுமந்து வந்திருந்தார். பேச்சு முடிந்ததும் பிள்ளைகள் சுற்றி நிற்க, அதைக் கவிழ்த்து, அடியில் குழியில் ஊற்றியிருந்த ஈயத்தைக் காட்டினார். அதில் குத்தியிருந்த வருடத்தை ஒரு பையன் விரலால் தடவிப் படித்தான்: 2003. "இப்ப இது கல் இல்ல, வெறும் இரும்பு. இதை வெச்சு யாருக்கும் எடை போடக் கூடாது" என்று சொல்லிவிட்டு, பையில் போட்டுக் கட்டிக்கொண்டார். மணி ஒன்றரை ஆகியிருந்தது. வெளியே மேகம்.